தண்ணீரைக் குறைத்தோம், பில் ஏன் ஏறியது?

வாசல்விளக்கு
இழையைத் தொடங்கியவர்

மூன்று ஆண்டுத் தண்ணீர் பில்களை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். முதல் ஆண்டில் இதே மாதம் 24 கன மீட்டர், அதாவது 24,000 லிட்டர், செலவழித்திருக்கிறோம். சென்ற ஆண்டு 19. இந்த ஆண்டு 16. துணி துவைத்த தண்ணீரில் வாசலைக் கழுவி, குளியலறையில் ஷவரை எடுத்துவிட்டு வாளி வைத்து, அம்மாவிடம் பாத்திரம் கழுவும்போது குழாயை மூடச் சொல்லிச் சொல்லி அவர் மனம் நோகும் அளவுக்குக் கண்டித்துக் குறைத்த கணக்கு இது. கட்ட வேண்டிய தொகை மட்டும் மூன்று ஆண்டுகளில் ஒன்றரை மடங்காகிவிட்டது.

அம்மாவின் ஓய்வூதியத்தில்தான் இந்த பில்லைக் கட்டுகிறோம். அவர் நேற்று கேட்டார்: "மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தோம். இன்னும் எதைக் குறைப்பது?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் கட்டண உயர்வு குறித்துக் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறது. வெறும் கோபத்தோடு போய் நிற்க விரும்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோப்புநிழல்

உங்கள் அம்மாவின் கேள்விதான் என் கேள்வியும். நான் பழத்தோப்பு வைத்திருப்பவன். எங்கள் பாசனத் தண்ணீரும் குழாய் வழியே, மீட்டர் வழியேதான் வருகிறது. கட்டணம் ஏறினால் நெல்லோ காய்கறியோ போடுபவர் ஒரு போகம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதுவே பெரிய இழப்புதான். மரத்துக்கு அந்த வழியும் இல்லை. கோடையில் இரண்டு மாதம் தண்ணீர் காட்டாவிட்டால் பதினைந்து ஆண்டு வளர்த்தது போய்விடும்.

சென்ற கோடையில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசையாகத் தேர்ந்தெடுத்து, மரங்களை இடுப்பளவு உயரத்துக்கு வெட்டினேன். இலை இல்லாத மரம் குறைவாகத்தான் குடிக்கும், வேர் மட்டும் உயிரோடு இருக்கும். வெட்டியபின் மறைக்க நிழல் இல்லாததால் வெயில் பட்டையைப் பொசுக்கிவிடும். அதனால் அடிமரம் முழுக்கச் சுண்ணாம்பு பூச வேண்டும். அந்த வேலையை நானும் என் மகனும் மூன்று நாட்கள் செய்தோம். மாலையில் தோப்பின் ஓரத்தில் நின்று பார்த்தால் வெள்ளை வெள்ளையாக வரிசை வரிசையாக நின்றன. மகன் ஒன்றும் பேசாமல் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். மறுபடி தழைத்துக் காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், அதுவரை அந்த வரிசைகளில் இருந்து ஒரு கூடைப் பழம் கிடைக்காது.

நேர்க்கோடு

இருவருக்காகவும் வருந்துகிறேன். ஆனாலும் ஒரு விஷயத்தைப் பேசாமல் இருக்க முடியவில்லை. உலகம் முழுவதும் ஆறு, ஏரி, நிலத்தடியில் இருந்து எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது. வீடுகளுக்கும் ஊர்களுக்கும் போவது பத்து, பன்னிரண்டு விழுக்காடுதான். ஒரு கன மீட்டருக்கு விவசாயி கட்டுவதைப் போலப் பல மடங்கை வீட்டுக்காரர் கட்டுகிறார். பல இடங்களில் பாசனத்துக்கு மீட்டரே கிடையாது. வாளியில் அளந்து குளிக்கும் ஒரு மூதாட்டியிடம் போய் இன்னும் குறை என்பதைவிட, வயலில் ஒரு பங்கைக் குறைத்தால் போதாதா? தோப்புநிழல் மீட்டர் வைத்துக் கட்டுகிறார் என்பதை மதிக்கிறேன். எல்லோரும் அப்படி இல்லையே.

பழைய பம்ப் ஹவுஸ்

குடிநீர் வழங்கும் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் வாசல்விளக்கின் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா, நீங்கள் கட்டுவதில் தண்ணீருக்கான விலை என்பது மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு குழாய்க்கும், பம்புக்கும், சுத்திகரிப்பு நிலையத்துக்கும், அவற்றைக் கட்ட வாங்கிய கடனின் வட்டிக்கும் போகிறது. நீங்கள் 24 எடுத்தாலும் 16 எடுத்தாலும் தெருவுக்கடியில் இருக்கும் குழாய் அதே குழாய்தான். இரவுப் பணியாளர் அதே ஆள்தான். செலவு அப்படியே நிற்க, விற்பனை மட்டும் குறைந்தால் ஒரு கன மீட்டரின் மேல் விழும் சுமை கூடுகிறது. உடனே கட்டணத்தை உயர்த்துகிறார்கள். உயர்த்தியதும் மக்கள் இன்னும் குறைக்கிறார்கள். மறுபடி உயர்வு. நான் பணியில் இருந்தபோதே இந்தச் சுழலைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

இது கண்முன் நடந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். 2018 தொடக்கத்தில் அணைகள் வற்றி, ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. மக்கள் மனமுவந்து குறைத்தார்கள், குழாய்கள் வறண்டு போகும் நாள் தள்ளிப் போய்க் கடைசியில் வராமலே போனது. ஆனால் விற்பனை குறைந்ததில் மாநகராட்சியின் வருவாய் சரிந்தது. அந்த ஆண்டு ஜூலை முதல், இணைப்பின் அளவைப் பொறுத்து ஒரு நிலையான கட்டணத்தைச் சேர்த்தார்கள். தண்ணீரே எடுக்காவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். குறைத்ததற்குத் தண்டனையா என்று மக்கள் கேட்டது நியாயம். கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவருக்கும் வேறு வழி குறைவு. இரண்டுமே உண்மை.

இரண்டாவது, மின்சாரம். ஒரு கன மீட்டர் என்பது ஒரு டன் எடை. அதை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, நல்ல பம்பாக இருந்தாலும் 0.4 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கினால் அதே ஒரு கன மீட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் ஆகிறது. பக்கத்து ஏரி வற்றி, தொலைவில் இருந்தோ கடலில் இருந்தோ தண்ணீர் கொண்டுவரத் தொடங்கிய நாளிலேயே பில் ஏறுவது முடிவாகிவிடுகிறது. நமக்குத் தெரிய வருவதுதான் சில ஆண்டுகள் கழித்து.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கசிவு. சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து, அழுத்தம் கொடுத்து அனுப்பிய தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் மீட்டரை எட்டும் முன்பே மண்ணுக்குள் போய்விடுகிறது. அந்தச் செலவையும் ஒழுங்காகப் பில் கட்டுபவர்தான் சுமக்கிறார். பழைய குழாயை மாற்றும் பணத்தைப் பல ஆண்டுகள் ஒதுக்காமல் தள்ளிப்போட்டார்கள். அப்போது கட்டணம் குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் தலைமுறை தள்ளிப்போட்ட பில்தான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

கடைமடை

நேர்க்கோடு அவர்களுக்கு. நீங்கள் சொன்ன 70 விழுக்காடு சரியான கணக்கு. ஆனால் அந்தத் தண்ணீர் வயலோடு நின்றுவிடுவதில்லை, சோறாகவும் பழமாகவும் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 10,000 லிட்டர். ஒரு பயிருக்கு 500 மில்லிமீட்டர் தேவை என்றால், மழை கைவிட்ட ஆண்டில் ஒரு ஹெக்டேருக்கு 5,000 கன மீட்டர் பாய்ச்ச வேண்டும். வாசல்விளக்கின் வீடு மாதம் 16 எடுத்தால் அது 26 ஆண்டுகளுக்கு வரும். இந்த அளவை வைத்துக்கொண்டு வீட்டுக் கட்டணத்தில் விவசாயம் செய்ய முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்கு வருவது வாய்க்கால் தண்ணீர். சுத்திகரிப்பு இல்லை, அழுத்தம் இல்லை, இரவு இரண்டு மணிக்கு முறை வந்தால் இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய் மடை திறக்க வேண்டும். பஞ்சம் வந்தால் முதலில் அடைப்பது எங்கள் மதகைத்தான். பொருளின் தரம் வேறு, உறுதி வேறு. விலையும் வேறாகத்தான் இருக்க முடியும்.

இன்னொன்று. கடைக்காரருக்குச் செலவு கூடினால் விலையைக் கூட்டுவார். என் விளைச்சலுக்கு விலை சொல்பவர் சந்தையில் இருக்கிறார். தண்ணீர்க் கட்டணம் இவ்வளவு ஆயிற்று, சேர்த்துக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஏறிய கட்டணம் முழுக்க என் வயிற்றில்தான் விழும்.

இதையெல்லாம் சொன்ன நானே இதையும் சொல்ல வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு முறை வாங்கிக்கொண்டு அளக்காமல் விடும் முறையால் அதிகம் கெட்டவன் கடைமடைக்காரன்தான். தலைமடையில் வரப்பு வழிய வழியத் தேக்குவார்கள், அதற்காக அவர்கள் ஒரு காசும் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. என் வயலுக்கு வரும்போது வாய்க்காலில் ஈரம் மட்டும் இருக்கும். அளந்து கொடுத்து அளவுக்கு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. அந்தப் பணம் மதகைச் சீர்செய்யவும் வாய்க்காலைத் தூர்வாரவும் எங்கள் கண்முன் செலவாக வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

சொட்டுநீர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரேனும் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. பல நாடுகளில் நடந்தது என்ன? மிச்சமான தண்ணீரை வைத்துக்கொண்டு பக்கத்து நிலத்தையும் நட்டார்கள். ஆற்றுக்கு ஒரு சொட்டும் திரும்பவில்லை. முன்பு வயலில் இருந்து கசிந்து கிணற்றை நிரப்பியதும் நின்றுபோனது. எடுக்கும் மொத்த அளவுக்கு வரம்பு இல்லாமல் கருவி மட்டும் கொடுத்தால் இப்படித்தான் முடியும்.

ஏழு பேர் வீடு

அடுக்குக் கட்டணம் பற்றி யாரும் பேசவில்லையே. எடுக்க எடுக்க விலை கூடும் முறை. ஆடம்பரத்துக்குச் செலவழிப்பவரைத் தடுக்கும் நல்ல திட்டம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஏழு பேர், ஒரு மீட்டர். எதிர்வீட்டில் இரண்டு பேர், தோட்டம் உண்டு, அவர்களுக்கும் ஒரு மீட்டர். நாங்கள் ஆளுக்கு எவ்வளவு குறைத்தாலும் மேலடுக்கில்தான் போய் நிற்போம். அவர்கள் புல்லுக்குத் தண்ணீர் விட்டும் கீழடுக்கில் இருப்பார்கள். மீட்டருக்கு எத்தனை வாய் என்று தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் 2001 முதல் ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கொள்கை இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், வீட்டில் எட்டுப் பேர், முப்பது நாள் என்று பெருக்கி வந்த எண் அது. கேட்கும்போது அருமையாக இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்த சோவெட்டோவின் பிரி என்ற பகுதியில் ஒரே மனைக்குள் இருபது பேர்கூட வாழ்ந்தார்கள். முன்பணம் கட்டும் மீட்டரைப் பொருத்தினார்கள். இலவச அளவு மாத நடுவிலேயே தீர்ந்துவிடும், பணம் போடாவிட்டால் குழாய் தானாக நின்றுவிடும். அங்கிருந்த ஐந்து பேர் வழக்குத் தொடுத்து, கீழ் நீதிமன்றங்களில் வென்று, 2009இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தோற்றார்கள். எத்தனை லிட்டர் என்று நிர்ணயிப்பது எங்கள் வேலை அல்ல, அரசின் கொள்கை நியாயமானதுதான் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். அடுத்த ஆண்டு, 2010 ஜூலை 28 அன்று, தண்ணீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. 122 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை, 41 நாடுகள் ஒதுங்கி நின்றன. உரிமை என்று எழுதுவது எளிது. எத்தனை பேர் வீட்டுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதும்போதுதான் கை நடுங்குகிறது.

நேர்க்கோடு

கடைமடை, உங்கள் 26 ஆண்டுக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. விவசாயியும் வீட்டுக்கட்டணம் கட்ட வேண்டும் என்று இனி நான் சொல்ல மாட்டேன். தலைமடை பற்றி நீங்கள் எழுதியதைத்தான் நான் கேட்க நினைத்தேன், அதை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆனால் வாசல்விளக்கின் அம்மாவுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

கூழாங்கல்

விவசாயி ஒரு பக்கம், நகரவாசி ஒரு பக்கம் என்று பேச்சு போனதால் இதை எழுதத் தோன்றியது. கட்டண உயர்வுக்கு எதிராக உலகம் அறிந்த போராட்டம் பொலிவியாவின் கோச்சபாம்பாவில் நடந்தது. அதை நகர மக்களின் போராட்டமாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதில் முதலில் இறங்கியவர்கள் பாசன விவசாயிகள்.

1999இல் நகரின் தண்ணீர் வழங்கலை, அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்துக்குப் பங்கிருந்த ஒரு கூட்டமைப்பிடம் அரசு ஒப்படைத்தது. அதையொட்டி 2029 என்ற எண் கொண்ட சட்டமும் வந்தது. சுற்றுவட்டார விவசாயிகள் தாங்களே தோண்டிய கிணறுகளும், தலைமுறையாக முறை வைத்துப் பாய்ச்சிய வாய்க்கால்களும் அந்தச் சட்டத்தால் கைவிட்டுப் போகும் என்று அஞ்சினார்கள். 2000 ஜனவரியில் நகரத்து வீடுகளுக்குப் புதிய பில் வந்தது. சில வீடுகளுக்கு இரட்டிப்பு. நகரத்தாரும் விவசாயிகளும் ஒரே வீதியில் இறங்கினார்கள். தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் ஒஸ்கார் ஒலிவேராவும், பாசனக்காரர்களின் ஒமார் பெர்னாண்டஸும் ஒரே மேடையில் நின்றார்கள். ஏப்ரலில் பதினேழு வயது விக்டர் ஹூகோ தாசா துப்பாக்கிக் குண்டுக்கு இறந்தான். அதன் பிறகுதான் ஒப்பந்தம் ரத்தானது. சட்டமும் திருத்தப்பட்டது.

இத்தோடு கதையை நிறுத்தினால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். தண்ணீர் வழங்கல் மறுபடி பொது நிறுவனத்துக்கே வந்தது. கட்டணம் பழைய நிலைக்கு இறங்கியது. ஆனால் நகரின் தெற்கே உள்ள ஏழைக் குடியிருப்புகள் பலவற்றுக்கு அதன் பிறகும் நெடுங்காலம் குழாய் போய்ச் சேரவில்லை. அங்கே இருப்பவர்கள் லாரித் தண்ணீரைக் குழாய்க் கட்டணத்தைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிக் குடித்தார்கள். கட்டணம் குறைவாக இருப்பதன் பலன், இணைப்பு உள்ளவருக்குத்தான். இணைப்பு இல்லாதவர் குறைந்த கட்டணத்தால் விரிவடையாமல் போன குழாயின் மறுமுனையில் நிற்கிறார். கூட்டத்துக்குப் போகும் வாசல்விளக்கு இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலியில் வேறு வழி பார்த்தார்கள்: கட்டணத்தைச் செலவுக்கு ஏற்ப வைத்துவிட்டு, ஏழைக் குடும்பத்தின் பில்லில் ஒரு பங்கை அரசே கட்டுகிறது. அதில் விடுபட்டுப் போகிறவர்களும் உண்டு, ஆனாலும் உதவி போய்ச் சேரும் வீடு எது என்பதாவது தெரிகிறது.

தோப்புநிழல்

கூழாங்கல் எழுதியதைப் படித்தபின் மகனுக்கும் படித்துக் காட்டினேன். இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் சான் டியாகோ பகுதி அவகாடோ தோப்புகளுக்குப் பெயர் போனது. அங்கே பால்புரூக், ரெயின்போ என்ற இரண்டு தண்ணீர் மாவட்டங்கள், மொத்தமாகத் தண்ணீர் விற்கும் பெரிய ஆணையத்தில் இருந்து விலகி, பக்கத்தில் மலிவாகக் கொடுக்கும் அமைப்பில் சேர முடிவெடுத்தன. தோப்புக்காரர்களால் கட்டணத்தைத் தாங்க முடியவில்லை என்பது முக்கியக் காரணம். 2023 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள். எங்களிலும் சிலர் அப்படி விலகலாமே என்கிறார்கள். பழைய பம்ப் ஹவுஸ் ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால், நாங்கள் விலகினால் அந்தக் குழாயும் கடனும் வாசல்விளக்கு அம்மாவின் பில்லில் போய் உட்காரும். சான் டியாகோவிலும் ஈடாக ஒரு தொகையைக் கட்டிவிட்டுத்தான் விலக முடிந்தது. நான் விலக விரும்பவில்லை. இருந்தே கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

பழைய பம்ப் ஹவுஸ்

கேட்பதற்கு ஒரு முன்னுதாரணம் தருகிறேன். கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993இல் அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போனது. கசிவும் திருட்டு இணைப்பும்தான் காரணம். ஏக் சோன் சான் என்ற பொறியாளர் தலைமைக்கு வந்தார். எல்லோருக்கும் மீட்டர் என்றார், அதிகாரத்தில் இருந்தவர்கள் வீட்டுக்கும் சேர்த்து. இரவும் பகலும் கசிவு தேடும் குழுக்களை வைத்தார். பதினைந்து ஆண்டுகளில் இழப்பு ஆறு சதவீத அளவுக்கு இறங்கியது. கட்டணத்தையும் உயர்த்தினார்கள், மறைக்கவில்லை. ஆனால் உயர்த்தும்போது குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் இருந்தது. மூன்று கட்டமாக உயர்த்தத் திட்டமிட்டு, மூன்றாவது தேவைப்படாமலே வருவாய் செலவை எட்டிவிட்டது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். எங்கள் துறையில் நான் தலைவணங்கும் மனிதர் அவர்.

ஆகவே அம்மா, கூட்டத்தில் இதை மட்டும் கேளுங்கள். நிலையத்தில் இருந்து அனுப்பியது எத்தனை கன மீட்டர், பில் போட்டது எத்தனை? வாங்கும் கட்டணத்தில் வட்டிக்கு எவ்வளவு, குழாய் மாற்ற எவ்வளவு? நிலையான கட்டணம் பெரிய பங்களாவுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒன்றாகவா இருக்கிறது? எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

அதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு சோதனை. இரவு எல்லோரும் படுத்தபின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிந்து யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள்.

வாசல்விளக்கு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு பார்த்தேன்.

முதல் இரவு பதினொரு மணிக்கு டார்ச் விளக்கோடு மீட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே சிலந்திவலை. கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். கறுப்பு எண்கள் அசையவில்லை, ஓரத்தில் இருந்த சிறிய சிவப்புச் சக்கரம் மட்டும் மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. காலையில் 60 லிட்டர் கூடியிருந்தது. கழிவறைத் தொட்டியில் மஞ்சள் பொடி கலந்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன், பீங்கானில் மஞ்சள் இறங்கிவிட்டது. அடைப்பானின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்றியபின் இரண்டாம் இரவு சக்கரம் நின்றுவிட்டது. ஆறு மணி நேரத்தில் 60 என்றால் மாதத்துக்கு ஏழு கன மீட்டர். எங்கள் 16இல் ஏழு! அம்மாவைக் குழாயை மூடச் சொல்லிக் கண்டித்த அத்தனை நாட்களும் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்காகக் கூட்டத்தை விடுவதாக இல்லை. பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தபோது மொத்தத் தொகையில் பாதிக்குமேல் நிலையான கட்டணம்தான். ஏழு கன மீட்டரை மிச்சம் பிடித்தாலும் அந்தப் பாதி அசையாது. பழைய பம்ப் ஹவுஸ் ஐயாவின் கேள்விகளை மனுவாக எழுதி இந்த இழையில் இணைத்திருக்கிறேன். ஏழு பேர் வீட்டுக்காக, ஆட்களின் எண்ணிக்கையை வைத்து முதல் அடுக்கை நிர்ணயிக்க வேண்டும் என்பதையும், கடைமடை கேட்ட வாய்க்கால் செலவுக் கணக்கையும் சேர்த்திருக்கிறேன். வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் 41 பேர் கையெழுத்திட்டார்கள். தோப்புக்காரர்களின் கையெழுத்துக்காகக் கீழே பாதித் தாளைக் காலியாக விட்டிருக்கிறேன். தோப்புநிழல் அண்ணா, உங்கள் பகுதியிலும் இதே மாதம் கூட்டம் என்றால் இதே மனுவை உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் காட்டுங்கள். பாசனம் சார்ந்த வரிகளில் திருத்தம் இருந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள், புதனன்று நகல் எடுக்கப் போகிறேன்.

தோப்புநிழல்

மூன்றாவது பத்தியில் "விவசாயிகளுக்குச் சலுகை" என்று இருக்கிறது. அதை "பாசனத் தண்ணீரின் செலவுக் கணக்கு" என்று மாற்றிவிடுங்கள். மற்றபடி அப்படியே இருக்கட்டும். என் மகன் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டான்.